நலிவின் வரைபடமும் வாக்கின் வரைபடமும்

இங்கிலாந்தில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்த மறுநாளே இரண்டு வரைபடங்கள் அருகருகே வைக்கப்படுகின்றன. ஒன்று, எந்த வார்டில் எந்தக் கட்சி வென்றது என்பதைக் காட்டும் வண்ணப் படம். மற்றொன்று, எந்தப் பகுதி செழிப்பானது, எந்தப் பகுதி நலிவுற்றது என்பதைக் காட்டும் படம். இரண்டிலும் ஒரே இடங்களில் அழுத்தமான வண்ணங்கள் தென்பட்டால், "ஏழைகள் இந்தக் கட்சிக்கு வாக்களித்தார்கள்" என்ற முடிவு உடனே எழுதப்பட்டு விடுகிறது. அடுத்த ஆண்டு வேறு கட்சி வென்றால், "ஏழைகள் மாறிவிட்டார்கள்" என்று எழுதப்படுகிறது.

இந்த முடிவு அறிவியல் முறையில் கிடைத்ததா, அல்லது அறிவியலின் தோற்றத்தை மட்டும் அணிந்துகொண்டதா? படங்கள் பொய்யல்ல. அவற்றில் உள்ள எண்களும் பொய்யல்ல. ஆயினும், மெய்யான இரண்டு படங்களிலிருந்து பொய்யான ஒரு முடிவைப் பெற முடியும். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்ணம் தீட்டிய தெருக்கள்

வறுமையை வரைபடத்தில் காட்டும் வழக்கம் லண்டனில் தொடங்கிப் புகழ் பெற்றது. சார்லஸ் பூத் என்ற கப்பல் வணிகர், லண்டன் மக்களின் வாழ்க்கை நிலையைத் தம் சொந்தச் செலவில் ஆராய்ந்தார். 1889 ஆம் ஆண்டு முதல் வெளிவந்த அவருடைய படங்களில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வண்ணம் தீட்டப்பட்டது. செல்வர் வாழும் தெருவுக்கு மஞ்சள். மிகத் தாழ்ந்த நிலையிலுள்ள தெருவுக்குக் கறுப்பு. இவற்றுக்கிடையே சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் என மொத்தம் 7 வண்ணங்கள். லண்டன் மக்களில் 30.7 விழுக்காட்டினர் வறுமையில் வாடுகின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. ஏழைகள் மிகச் சிலரே என்று நம்பியிருந்த பலருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது.

பூத்தின் பணி பெரும்பணி. எனினும் அதில் ஒரு குறை உண்டு. கறுப்பு வண்ணத்துக்கு அவர் தந்த விளக்கத்தில் வருமானத்தைப் பற்றிய குறிப்போடு ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பும் கலந்திருந்தது. அத்தெருவில் வாழ்ந்தோர் தீயோர், பாதிக் குற்றவாளிகள் என்று வகைப்படுத்தப்பட்டனர். அங்கே ஒழுங்காக உழைத்து வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கும் அதே கறுப்புதான். தெருவின் பண்பைத் தெருவில் வாழும் ஒவ்வொருவரின் பண்பாகக் கொள்ளும் பிழை அன்றே வரைபடத்துக்குள் புகுந்து விட்டது எனலாம்.

நூறு ஆண்டுகளுக்குப் பின் இம்முயற்சி புள்ளியியல் வடிவம் பெற்றது. சமூகவியல் அறிஞர் பீட்டர் டவுன்செண்டு தம் துணைவர்களுடன் 1988 இல் வெளியிட்ட நூலில், மக்கள் தொகைக் கணக்கிலிருந்து நான்கே செய்திகளை எடுத்து ஓர் அளவை அமைத்தார். வேலையின்மை, கார் இன்மை, சொந்த வீடு இன்மை, நெருக்கடியான குடியிருப்பு ஆகியவை அந்நான்கு. மக்களின் உடல்நலத்தை ஆராய்வதற்காக அமைந்த அளவு இது. ஆனால் இதைத் தேர்தல் ஆய்வுக்கு எடுத்தால் ஒரு சிக்கல் எழுகிறது. உள்ளாட்சிக்குச் சொந்தமான வாடகை வீடுகளில் வாழ்ந்தோர் நெடுங்காலமாகத் தொழிற்கட்சியின் ஆதரவாளர்களாகவே இருந்து வந்தனர். அப்படியானால் "சொந்த வீடு இன்மை" என்ற கூறு நலிவை அளக்கிறதா, அல்லது ஏற்கெனவே உள்ள அரசியல் பழக்கத்தை அளக்கிறதா? அளவுகோலுக்குள்ளேயே விடையின் ஒரு பகுதி அடங்கியிருந்தால், அளந்து கண்ட ஒட்டுறவைக் கண்டு வியக்க வேண்டியதில்லை.

இன்றைய அளவுகோல்

இப்போது இங்கிலாந்தில் பயன்படுவது "பன்முக நலிவுக் குறியீட்டெண்" என்று நாம் அழைக்கத் தக்க அரசாங்க அளவாகும். 2019 ஆம் ஆண்டு வெளியீட்டில் நாடு 32,844 சிறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் சராசரியாக 1,500 பேர். ஒவ்வொரு வட்டாரமும் 7 துறைகளில் மதிப்பிடப்பட்டது. அத்துறைகளுக்குத் தரப்பட்ட எடை வருமாறு: வருமானம் 22.5 விழுக்காடு, வேலை 22.5, கல்வியும் தொழில் திறனும் 13.5, உடல்நலமும் ஊனமும் 13.5, குற்றம் 9.3, வீடும் பொதுச் சேவைகளும் கிடைப்பதில் உள்ள தடை 9.3, சுற்றுப்புறச் சூழல் 9.3. இவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டு, மிக நலிந்த வட்டாரத்துக்கு 1 ஆம் இடமும், மிகக் குறைந்த நலிவுடைய வட்டாரத்துக்குக் கடைசி இடமும் தரப்படும். 2025 அக்டோபரில் புதிய பதிப்பு வெளிவந்தது. அதில் வட்டாரங்களின் எண்ணிக்கை 33,755.

இந்த அளவின் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். வறுமை என்பது கையில் பணம் இல்லாமை மட்டும் அன்று. நோயும், கல்வியின்மையும், பாதுகாப்பின்மையும் சேர்ந்ததே என்ற உண்மையை இது ஏற்கிறது. பெரிய நகரத்தின் சராசரிக்குள் மறைந்து போகும் சிறு குடியிருப்பையும் வெளிக்கொணர்கிறது. எந்த இடத்துக்கு அரசு உதவி முதலில் செல்ல வேண்டும் என்று முடிவு செய்ய இது நல்ல கருவி.

ஆனால் வாக்காளரின் மனத்தை அறிய இது கருவியாகுமா? இங்கே நான்கு தடைகளைக் காண்கிறோம்.

முதலாவது, இது வரிசை எண், அளவு அன்று. 100 ஆம் இடத்திலுள்ள வட்டாரம், 200 ஆம் இடத்திலுள்ளதைவிட இரு மடங்கு நலிந்தது என்று சொல்ல முடியாது. ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தவருக்கும் இரண்டாவதாக வந்தவருக்கும் இடையே ஒரு நொடியும் இருக்கலாம், ஒரு நிமிடமும் இருக்கலாம் அல்லவா?

இரண்டாவது, இது இடத்தைப் பற்றிய செய்தி. ஆளைப் பற்றிய செய்தி அன்று. நலிந்த வட்டாரத்தில் வாழ்பவர் அனைவரும் ஏழைகள் அல்லர். ஏழைகள் அனைவரும் நலிந்த வட்டாரங்களில் வாழ்பவரும் அல்லர். குறியீட்டெண்ணை வெளியிடும் துறையே தன் விளக்கக் குறிப்பில் இதை எச்சரிக்கையாகச் சொல்கிறது. வரைபடத்தை எடுத்து ஆளுவோர் பலர் அக்குறிப்பைப் படிப்பதில்லை.

மூன்றாவது, காலம் பின்தங்குகிறது. 2019 பதிப்பிலுள்ள பெரும்பாலான செய்திகள் 2015–16 ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. 2023 ஆம் ஆண்டுத் தேர்தலை அதைக் கொண்டு விளக்கியோர், ஏழெட்டு ஆண்டுகளுக்கு முந்திய நிலையைக் கொண்டே விளக்கினர்.

நான்காவது தடை மிக முக்கியமானது. வாக்கைப் பெரிதும் பாதிக்கும் வயது, இனம், மதம் ஆகியவை இந்த அளவின் துறைகளில் இல்லை. எசெக்ஸ் மாநிலக் கடற்கரையில் ஜேவிக் என்ற சிற்றூர் உள்ளது. விடுமுறைக் குடில்களாகக் கட்டப்பட்ட சிறு வீடுகள் நாளடைவில் நிலையான குடியிருப்புகளாக மாறிய இடம் அது. 2010, 2015, 2019, 2025 ஆகிய நான்கு பதிப்புகளிலும் இங்கிலாந்திலேயே மிக நலிந்த வட்டாரம் அங்கேதான் இருந்தது. அது முதியோர் மிகுந்த டெண்ட்ரிங் மாவட்டத்தைச் சேர்ந்தது. கிழக்கு லண்டனின் நியூஹாம் நகரமும் நெடுங்காலம் நலிவுற்ற பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்று வந்ததே. ஆனால் அங்கே இளைஞர் மிகுதி. ஆசிய, ஆப்பிரிக்க வழியினர் மிகுதி. இலங்கைத் தமிழர் பலர் கடை வைத்து வாழும் ஈஸ்ட்ஹாம் வீதியும் அந்நகரில்தான் உள்ளது. ஜேவிக் அடங்கிய கிளாக்டன் தொகுதி 2024 பாராளுமன்றத் தேர்தலில் ரிஃபார்ம் யூ.கே. கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜைத் தேர்ந்தெடுத்தது. நியூஹாம் நகரமன்றத்திலோ 2010, 2014, 2018 ஆகிய மூன்று தேர்தல்களிலும் 60 இடங்களில் 60ஐயும் தொழிற்கட்சியே வென்றது. நலிவு என்ற ஒரே சொல்லால் இவ்விரண்டையும் எங்ஙனம் விளக்குவது?

ராபின்சன் விடுத்த எச்சரிக்கை

இடத்தின் பண்பிலிருந்து ஆளின் பண்பை ஊகிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை 1950 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் டபிள்யூ. எஸ். ராபின்சன் ஒரு சிறிய கட்டுரையில் காட்டினார். சமூக அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய கட்டுரை அது.

1930 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கை அவர் எடுத்துக்கொண்டார். வெளிநாட்டில் பிறந்தவர்களுக்கும் எழுத்தறிவின்மைக்கும் உள்ள உறவை மாநில வாரியாகக் கணக்கிட்டபோது ஒட்டுறவுக் கெழு -0.526 என வந்தது. அதாவது, வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு. இதைக் கண்டவர், "வந்தேறியவர்கள் உள்நாட்டாரைவிட நன்கு படித்தவர்கள்" என்று முடிவு கட்டுவார். ஆனால் தனி மனிதர்களை எடுத்துக் கணக்கிட்டபோது கெழு +0.118 என வந்தது. உண்மையில் அவர்களிடையேதான் எழுத்தறிவின்மை சற்று மிகுதி. கூட்டல் குறி கழித்தல் குறியாகவே மாறிவிட்டது.

காரணம் எளியது. அன்று குடியேறியவர்கள் தொழில் வளமும் பள்ளி வசதியும் மிகுந்த மாநிலங்களை நாடிச் சென்றனர். அங்கே உள்நாட்டாரின் எழுத்தறிவு உயர்ந்திருந்தது. ஆகவே மாநிலச் சராசரியும் உயர்ந்திருந்தது. எண் உள்நாட்டாரைப் பற்றிப் பேசியது. கேட்டவர் குடியேறியவரைப் பற்றிப் பேசியதாகக் கொண்டார்.

தேர்தலிலும் இதே நிலையைக் காணலாம். ஆண்ட்ரூ கெல்மன் என்ற புள்ளியியல் அறிஞர் தம் துணைவர்களுடன் 2008 இல் வெளியிட்ட நூல் அமெரிக்கத் தேர்தல்களை ஆராய்ந்தது. அந்த ஆண்டுகளில் கனெக்டிகட் போன்ற செல்வ மாநிலங்கள் ஜனநாயகக் கட்சிக்கும், மிசிசிப்பி போன்ற ஏழை மாநிலங்கள் குடியரசுக் கட்சிக்கும் வெற்றி தந்தன. இதைக் கொண்டு ஏழைகள் குடியரசுக் கட்சியினர் என்று எண்ணிவிடக் கூடாது. அதே மாநிலங்களுக்குள்ளே பார்த்தால், செல்வரே குடியரசுக் கட்சிக்கு மிகுதியாக வாக்களித்தனர். மாநிலம் ஏழை, ஆனால் அம்மாநிலத்தில் அக்கட்சியின் பெரும்பலம் செல்வரிடம் இருந்தது.

ஒரு சிறிய கணக்கு

இதை மாணவர்கள் தாமே ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். கற்பனையாக ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். அங்கே வாக்களித்தவர்கள் 1,000 பேர். அவர்களில் ஏழைகள் 400, மற்றவர்கள் 600. ஒரு கட்சி 300 வாக்குகள் பெற்றது. ஏழைகளில் எத்தனை பேர் அக்கட்சிக்கு வாக்களித்தனர்?

அந்த 300 வாக்குகளும் மற்றவர்களிடமிருந்தே வந்திருக்கலாம். அப்போது ஏழைகளின் ஆதரவு 0 விழுக்காடு. அல்லது 300ம் ஏழைகளிடமிருந்தே வந்திருக்கலாம். அப்போது 400ல் 300, அதாவது 75 விழுக்காடு. விடை சுழியிலிருந்து 75 வரை எதுவாகவும் இருக்கலாம்! வாக்கு எண்ணிக்கை மட்டும் கையில் இருந்தால் இதற்கு மேல் ஒன்றும் சொல்ல இயலாது.

இப்போது வேறொரு வார்டு. 1,000 பேரில் 900 பேர் ஏழைகள். கட்சி பெற்றது 500 வாக்குகள். மற்றவர்கள் 100 பேரும் அக்கட்சிக்கே வாக்களித்திருந்தாலும், மீதி 400 ஏழைகளிடமிருந்து வந்தே தீர வேண்டும். ஆகவே ஏழைகளின் ஆதரவு 44 விழுக்காட்டுக்குக் குறையாது. 56 விழுக்காட்டுக்கு மிகாது. இங்கே எண் நமக்கு உண்மையாகவே ஒன்றைச் சொல்கிறது.

இவ்வாறு கீழ் எல்லை, மேல் எல்லை காணும் முறையை 1953 ஆம் ஆண்டில் டங்கன், டேவிஸ் என்ற இருவர் வகுத்தனர். ராபின்சனின் எச்சரிக்கைக்கு அது நேர்மையான மறுமொழி. எவ்வளவு அறிய முடியுமோ அவ்வளவையே கூறுவது அதன் பண்பு. ஆனால் இங்கிலாந்தின் வார்டுகளில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. ஏழையும் மற்றவரும் கலந்து வாழ்பவை.

எல்லையை மாற்றினால் விடையும் மாறும்

இன்னொரு குறையும் உண்டு. நலிவு அளக்கப்படுவது சிறு வட்டாரங்களில். வாக்கு எண்ணப்படுவது வார்டுகளில். ஒரு வார்டின் பல சாவடிகளில் பதிவான சீட்டுகளும் கலக்கப்பட்டே எண்ணப்படுகின்றன. ஆகவே வார்டுக்குக் கீழே எந்தத் தெரு எப்படி வாக்களித்தது என்பது தெரிவதில்லை. சிறு வட்டாரங்களின் எல்லையும் வார்டுகளின் எல்லையும் பல இடங்களில் பொருந்துவதில்லை. எந்த வட்டாரம் எந்த வார்டோடு பெரும்பாலும் சேர்கிறது என்று பார்த்து ஒருவாறு ஒட்டவைத்துத்தான் இரண்டையும் ஒப்பிடுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2000 ஆம் ஆண்டுக் குறியீட்டெண் வார்டு அளவிலேயே வெளிவந்தது. வார்டுகள் அளவில் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுகின்றன, அவற்றின் எல்லைகளும் அடிக்கடி மாறுகின்றன என்பதால், 2004 பதிப்பு முதல் வார்டுகளைக் கைவிட்டுச் சிறு வட்டாரங்களுக்கு மாறினார்கள். புள்ளியியலார் தக்க காரணத்தோடு விலக்கிய அலகை, தேர்தல் விளக்கம் எழுதுவோர் திரும்ப அழைத்து வருகின்றனர்.

எல்லை மாற்றம் சிறு விஷயம் என்று எண்ண வேண்டாம். 1979 இல் ஓப்பன்ஷா, டெய்லர் என்ற பிரிட்டிஷ் புவியியல் அறிஞர்கள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தை எடுத்துக்கொண்டனர். அங்குள்ள 99 கௌண்டிகளில் முதியோரின் விழுக்காட்டுக்கும் குடியரசுக் கட்சி பெற்ற வாக்குக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு சுமார் 0.35. பின்னர் அதே 99 கௌண்டிகளை வெவ்வேறு விதமாகச் சேர்த்துப் பெரிய மண்டலங்களாக்கிக் கணினியில் மீண்டும் மீண்டும் கணக்கிட்டனர். ஒரு விதமாகச் சேர்த்தால் கெழு ஏறக்குறைய +1. வேறு விதமாகச் சேர்த்தால் ஏறக்குறைய -1. மக்கள் அவர்களே, வாக்குகளும் அவையே. கோடு மட்டுமே மாறியது.

வார்டுகளுக்கும் நலிவுக்கும் இடையே ஒரு கெழுவைக் கண்டு, அதை இயற்கையின் விதி போல் அச்சிடுவோர், இந்தச் சோதனையைத் தம் கண்முன் வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்க்கிங் கற்பித்த பாடம்

வெறும் கணக்கோடு நில்லாமல் ஓர் உண்மை நிகழ்ச்சியைப் பார்ப்போம். கிழக்கு லண்டனில் பார்க்கிங்–டாகன்ஹாம் என்ற நகரம் உள்ளது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட பீகன்ட்ரீ என்ற மாபெரும் குடியிருப்பு அங்கேதான் உள்ளது. டாகன்ஹாமின் ஃபோர்டு தொழிற்சாலை பல தலைமுறைகளுக்கு வேலை தந்தது. 2002 இல் அங்கே கார்களைப் பூட்டி முடிக்கும் பணி நின்றது.

2006 மே மாதம் நடந்த நகரமன்றத் தேர்தலில், இன வெறுப்பை வெளிப்படையாகப் பேசிய பிரிட்டிஷ் தேசியக் கட்சி 51 இடங்களில் 12ஐப் பிடித்தது. நாடே திடுக்கிட்டது. "நலிவு இன வெறுப்பை வளர்க்கிறது, வறிய வெள்ளையர் தீவிரவாதத்தை நாடுகின்றனர்" என்ற விளக்கம் எங்கும் பரவியது. நலிவு வரைபடம் அதற்குச் சான்றாக நின்றது.

நான்கே ஆண்டுகள் சென்றன. 2010 மே 6ஆம் நாள் மீண்டும் தேர்தல். பிரிட்டிஷ் தேசியக் கட்சி 12 இடங்களையும் இழந்தது. 51 இடங்களிலும் தொழிற்கட்சியே வென்றது. இந்நான்கு ஆண்டுகளில் அந்நகரம் செழித்து விட்டதா? இல்லை. இடையில் 2008 ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிதான் வந்தது. நலிவு அப்படியே இருக்க, முடிவு தலைகீழானது. மாறாத ஒன்று, மாறிய ஒன்றுக்குத் தனிக் காரணமாக இருக்க முடியாது என்பது அறிவியலின் முதல் பாடம்.

அப்படியானால் எது மாறியது? 2010 இல் பாராளுமன்றத் தேர்தலும் அதே நாளில் நடந்தது. 2006 இல் வீட்டில் இருந்துவிட்ட பலர் அன்று சாவடிக்கு வந்தனர். இன வெறுப்பை எதிர்த்த அமைப்புகளும் தொழிற்கட்சியினரும் வீடு வீடாகச் சென்று உழைத்தனர். வாக்காளரின் எண்ணிக்கையும், அமைப்பு பலமும், எதிர்ப்பின் ஊக்கமும் மாறின. இவற்றில் ஒன்றும் நலிவு வரைபடத்தில் தெரியாது.

இன்னும் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 2006 இல் அக்கட்சி 51 இடங்களுக்கும் போட்டியிடவில்லை. 13 வேட்பாளர்களையே நிறுத்தியது. வேட்பாளரே இல்லாத வார்டில் அக்கட்சிக்குக் கிடைத்த வாக்கு சுழி. அதை அப்படியே வரைபடத்தில் குறித்தால், அங்கே ஆதரவே இல்லை என்று தோன்றும். ஆனால் கேட்கப்படாத கேள்விக்கு விடை "இல்லை" என்று எழுதுவது சரியாகுமா? கட்சிகள் தமக்கு வெற்றி வாய்ப்புள்ள இடங்களிலேயே ஆட்களை நிறுத்துகின்றன. ஆகவே வரைபடம் காட்டுவது வாக்காளரின் விருப்பத்தை மட்டும் அன்று; கட்சி அலுவலகத்தின் கணிப்பையும் சேர்த்துத்தான். மேலும் அங்கே ஒரு வார்டுக்கு மூன்று இடங்கள். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள். ஒரே ஒரு வேட்பாளரை நிறுத்திய கட்சியின் வாக்கு விழுக்காட்டை எவ்வாறு கணக்கிடுவது என்பதே தனிச் சிக்கல்.

வராதவர்களின் கணக்கு

இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கினரே வாக்களிக்கின்றனர். நலிவு மிகுந்த இடங்களில் இந்தப் பங்கு இன்னும் குறைகிறது. நலிவுக்கும் தேர்தலுக்கும் உள்ள உறவுகளில் மிக உறுதியாகப் பல காலம் நிலைத்து நிற்பது இதுவே. ஆனால் வண்ணப் படங்களில் இதற்குத்தான் இடமில்லை. வென்ற கட்சிக்கு ஒரு வண்ணம் உண்டு. வீட்டில் இருந்தவருக்கு வண்ணம் இல்லை.

மீண்டும் ஒரு கற்பனைக் கணக்கு. இரு வார்டுகளிலும் 10,000 வாக்காளர்கள். நலிந்த வார்டில் 25 விழுக்காட்டினர் வாக்களிக்க, ஒரு கட்சி அதில் 40 விழுக்காடு பெற்றது; அதாவது 1,000 வாக்குகள். செழிப்பான வார்டில் 45 விழுக்காட்டினர் வாக்களிக்க, அதே கட்சி 30 விழுக்காடு பெற்றது. அதாவது 1,350 வாக்குகள். விழுக்காட்டைப் பார்த்தால் அக்கட்சி ஏழைகளின் கட்சி. தலைகளை எண்ணினால் அதன் ஆதரவாளர் செழிப்பான வார்டிலேயே மிகுதி. நலிந்த வார்டில் 7,500 பேர் எவருக்கும் வாக்களிக்கவில்லை என்பதே அங்குள்ள மிகப் பெரிய செய்தி.

வாக்காளர் பட்டியலிலேயே பெயர் இல்லாதவர்களும் உண்டு. தேர்தல் ஆணையம் 2018 ஆம் ஆண்டுப் பட்டியலை ஆராய்ந்தபோது, கடனின்றிச் சொந்த வீடு உடையோரில் பத்துக்கு ஒன்பது பேர் பதிவு செய்திருந்தனர். தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்போரில் பத்துக்கு ஆறு பேர் அளவிலேயே பதிவு செய்திருந்தனர். அடிக்கடி வீடு மாறுவோர் பட்டியலிலிருந்து நழுவிப் போகின்றனர். 2023 மே முதல் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் படத்துடன் கூடிய அடையாளச் சான்று கேட்கப்பட்டது. அந்த முதல் தேர்தலிலேயே சாவடி வரை வந்தும் வாக்களிக்க இயலாது திரும்பியோர் குறைந்தது 14,000 பேர் என்று ஆணையம் மதிப்பிட்டது. இவர்களை எல்லாம் கணக்கில் சேர்க்காமல், "ஏழைகள் இப்படி வாக்களித்தார்கள்" என்பது எவ்வளவு சரி?

அப்படியானால் உறவே இல்லையா?

உறவே இல்லை என்று சொல்வதும் தவறாகும். இடத்துக்கு ஒரு செல்வாக்கு உண்டு. பட்லர், ஸ்டோக்ஸ் ஆகியோர் 1969 இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், ஒரே வகுப்பைச் சேர்ந்த தொழிலாளியும் சுரங்க ஊரில் வாழ்ந்தால் ஒரு விதமாகவும், கடற்கரை உல்லாச ஊரில் வாழ்ந்தால் வேறு விதமாகவும் வாக்களிப்பதைக் காட்டினர். சுற்றியுள்ளவர்களின் பேச்சும், சங்கமும், ஊரின் நினைவும் வாக்கில் கலக்கின்றன. ஆகவே தனி மனிதரின் வருமானத்தை மட்டும் கேட்டு அறிந்தாலும் முழு உண்மை கிடைக்காது. இடத்தை மட்டும் பார்ப்பது ஒரு பிழை என்றால், ஆளை மட்டும் பார்ப்பது மற்றொரு பிழை.

இடத்தைப் பற்றிய கேள்விக்கு இடத்தைப் பற்றிய எண் போதும். நலிந்த வார்டுகளுக்கு எந்தக் கட்சியின் உறுப்பினர்கள் பொறுப்பேற்கிறார்கள்? அங்கே போட்டியே இல்லாமல் போகிறதா? வாக்குப் பதிவு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா? இவற்றுக்கு வரைபடம் நல்ல விடை தரும். ஆளைப் பற்றிய கேள்விக்கு ஆட்களையே கேட்க வேண்டும். 1964 முதல் நடைபெற்று வரும் பிரிட்டிஷ் தேர்தல் ஆய்வு போன்ற மாதிரிக் கணக்கெடுப்புகள் அதற்காகவே உள்ளன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவரே முழு ஆய்வாளர்.

2025 மே 1ஆம் நாள் நடந்த உள்ளாட்சித் தேர்தல் இதற்கு அண்மைக் காலச் சான்று. அதில் ரிஃபார்ம் யூ.கே. கட்சி 677 இடங்களை வென்றது. பழைய நிலக்கரிச் சுரங்க ஊர்கள் நிறைந்த, நலிவு மிகுந்த டர்ஹாமும் அதன் கைக்குச் சென்றது. நலிவில் அதற்குப் பின்தங்கிய, நீண்ட காலம் கன்சர்வேடிவ் கட்சியின் கோட்டையாக இருந்த கெண்டும் அதன் கைக்குச் சென்றது. டர்ஹாமை மட்டும் காட்டுபவர் "ஏழைகளின் சீற்றம்" என்பார். கெண்டை மட்டும் காட்டுபவர் வேறு கதை சொல்வார். இரண்டையும் ஒருங்கே விளக்காத கொள்கை விளக்கமாகாது.

மாணவர்களுக்கு ஐந்து கேள்விகள்

இனி எங்கேனும் நலிவையும் வாக்கையும் இணைக்கும் படமோ கட்டுரையோ கண்ணில் பட்டால், வாசகர்கள் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்கலாம்.

1. சொல்லப்படுவது இடத்தைப் பற்றியா, ஆளைப் பற்றியா?

2. நலிவு எந்த ஆண்டில் அளக்கப்பட்டது? வாக்கு எந்த ஆண்டைச் சேர்ந்தது?

3. இரண்டும் ஒரே எல்லைக்குள் அளக்கப்பட்டனவா? எல்லையை மாற்றினாலும் முடிவு நிற்குமா?

4. கட்சி எல்லா இடங்களிலும் போட்டியிட்டதா?

5. வாக்களிக்காதவர்கள் எங்கே?

இந்த ஐந்துக்கும் விடை இல்லாத கட்டுரை, அழகிய படம் இருந்தாலும் ஆய்வு ஆகாது.

இது வெறும் புள்ளியியல் நுணுக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. ஒரு வெறுப்புக் கட்சி வென்றதற்கு ஏழைகளே காரணம் என்று தவறாக எழுதினால், பழி அவர்கள் மீது விழுகிறது. அக்கட்சிக்கு வாக்களித்த வசதியுள்ளோர் மறைந்துகொள்கின்றனர். ஏழைகள் எப்போதும் தமக்கே வாக்களிப்பர் என்று ஒரு கட்சி தவறாக நம்பினால், அவர்களுடைய குடியிருப்பை எட்டிப் பாராமலே விட்டுவிடுகிறது. இரண்டு விதத்திலும் நட்டப்படுவோர் அதே மக்களே. பூத் தம் தெருக்களுக்குக் கறுப்பு வண்ணம் தீட்டியபோது அங்கே வாழ்ந்தவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஒன்றேகால் நூற்றாண்டு கடந்த பின்னும் அவர்களைக் கேளாமலே அவர்களுடைய எண்ணத்தை எழுதி வருவது அறிவியலுக்கு அழகன்று.